காணாமல் போகும் ‘ஆம்’: கைக்கு வரும் செய்தியைத் தீர விசாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

“பக்கத்து ஊர்ல பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்களாம்.”

இந்த வாக்கியத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஆம்’ ரொம்பச் சின்னது. ஆனால் ‘நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னதைச் சொல்கிறேன்’ என்ற முழுத் தகவலும் அதற்குள்தான் இருக்கிறது. திண்ணையில் பேசும்போது இந்த ‘ஆம்’ தானாக வந்துவிடும். கேட்பவரும் அதைக் கவனித்து, “யார் சொன்னா?” என்று கேட்பார்.

அதே சேதி கைபேசியில் எழுத்தாக மாறும்போது என்ன ஆகிறது? “கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டது. உஷார்! அனைவருக்கும் பகிரவும்.” ‘ஆம்’ உதிர்ந்துவிட்டது. கேள்விப்பட்டது இப்போது நடந்ததாகிவிட்டது.

2018 மே 9 அன்று, குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து காரில் போன ஒரு குடும்பத்தைத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். அந்தக் குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருந்தது. அதற்கு முன்பே, குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் குரல்பதிவுகள் அந்தப் பக்கமெல்லாம் பரவியிருந்தன. ஒரு வயதான அம்மா அங்கேயே உயிரிழந்தார். அடித்தவர்களில் பெரும்பாலோர் கெட்டது செய்யக் கிளம்பியவர்கள் அல்ல, தங்கள் பிள்ளைகளுக்காகப் பயந்தவர்கள். அதனால்தான் இந்த விஷயம் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

ஊடக அறிவு, தகவல் அறிவு என்றெல்லாம் பாடப்புத்தகத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் இதை ‘ஆம்’மைத் திரும்பக் கண்டுபிடித்து ஒட்டவைக்கிற வேலை என்று புரிந்துகொண்டிருக்கிறேன். அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: விரலை எடுங்கள்

ஒரு செய்தியைப் படித்ததும் நெஞ்சு படபடக்கிறதா, கோபம் ஏறுகிறதா, ‘அப்பவே சொன்னேன்ல’ என்று தோன்றுகிறதா? அப்படியென்றால் பகிரும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். செய்தி பொய் என்பதற்கு இது சாட்சி ஆகாது, உண்மையான செய்தியும் கோபப்படுத்தும். ஆனால் அந்த நிலையில் நம்மால் நிதானமாக விசாரிக்க முடியாது, அவ்வளவுதான்.

பிறகு செய்தியின் தலையைப் பாருங்கள். யாரோ எழுதியதை அப்படியே அனுப்பியிருந்தால் வாட்ஸ்அப் அதை ‘ஃபார்வர்டு’ என்று காட்டும். இந்த அடையாளம் 2018 ஜூலையில் வந்தது. இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். அனுப்பியவர் உங்கள் சொந்த மாமாவாக இருக்கலாம், ஆனால் எழுதியவர் மாமா இல்லை. மாமாமேல் இருக்கும் நம்பிக்கையை, முகம் தெரியாத யாரோ ஒருவர் இரவல் வாங்கிக்கொள்கிறார். ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதே 2018 ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்ற கட்டுப்பாட்டை வாட்ஸ்அப் இந்தியாவில் கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று இன்னும் இறுக்கியது. அந்தக் கட்டுப்பாடு உங்களைத் தடுத்தால் எரிச்சல் வேண்டாம். அந்தச் செய்தி ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றியது என்று அது உங்களுக்குச் சொல்கிறது.

படி 2: ஐந்து கேள்வி

அமெரிக்க அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல் 1948இல் தகவல் தொடர்பை ஐந்து கேள்வியாகப் பிரித்தார். யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு. இதழியல் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இந்தப் பட்டியல் வீட்டு வேலைக்கும் நன்றாகவே பயன்படும்.

திருநள்ளாறு கோயிலுக்கு மேலே போகும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிட்டுப் போகின்றன, நாசாவே வியந்துபோனது என்ற செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். யார் சொன்னது? ‘நாசா விஞ்ஞானிகள்’. எந்த விஞ்ஞானி, பெயர் இல்லை. எந்தச் செயற்கைக்கோள், பெயர் இல்லை. எந்த ஆண்டு, அதுவும் இல்லை. ஆள், நாள், இடம் மூன்றும் இல்லாமல் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் அது சொல்லுக்கு ஒட்டவைத்த முத்திரைதான்.

அப்புறம் விஷயத்துக்குள் போகலாம். தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் அளவில் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் கீழே வந்துவிடும். வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. திருநள்ளாறு நிலநடுக்கோட்டில் இல்லை. இதைச் சொல்வதால் சனீஸ்வரன் மேல் யாருக்கும் இருக்கும் பக்திக்கு ஒரு குறையும் வராது. பக்திக்கு நாசாவின் சான்றிதழ் தேவையும் இல்லை.

ஐந்தில் கடைசிக் கேள்வியைத்தான் நாம் கேட்பதே இல்லை. இந்தச் செய்தி என்னை என்ன செய்யச் சொல்கிறது? பணம் அனுப்பச் சொல்கிறதா, ஓர் ஊர்க்காரரையோ சாதியையோ மதத்தையோ வெறுக்கச் சொல்கிறதா, மருந்தை நிறுத்தச் சொல்கிறதா? கேட்கும் காரியம் எவ்வளவு பெரிதோ, விசாரணையும் அவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும். கீரை வடைச் செய்முறைக்கு இவ்வளவும் வேண்டாம்.

படி 3: அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வாருங்கள்

ஒரு இணையதளம் நம்பகமானதா என்று பார்க்க நம்மில் பலர் அதே தளத்துக்குள் சுற்றுகிறோம். அழகாக இருக்கிறதா, ‘எங்களைப் பற்றி’ என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கிறோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்களிடம் சில தளங்களைக் கொடுத்து எடைபோடச் சொன்னார்கள். படித்த பேராசிரியர்களும் மாணவர்களும் பக்கத்தின் தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சீக்கிரமே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய தாவலில் ‘இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்’ என்று தேடினார்கள். வேகமாகவும் சரியாகவும் முடித்தவர்கள் அவர்கள்தான்.

பெண் பார்க்கப் போகும் வீட்டைப் பற்றி அந்த வீட்டிலேயே விசாரிப்போமா? அக்கம்பக்கத்தில்தானே விசாரிப்போம். அதேதான் இதுவும்.

செய்தியின் முக்கியமான நான்கைந்து சொற்களைத் தேடுபொறியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுப் பாருங்கள். தமிழில் யூடர்ன் என்ற தகவல் சரிபார்ப்புத் தளம் 2017இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. நியூஸ்மீட்டர், நியூஸ்செக்கர், ஃபேக்ட் கிரெசண்டோ ஆகியவற்றுக்கும் தமிழ்ப் பக்கங்கள் உண்டு. ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் (பிஐபி) தமிழ்நாடு அரசும் தனித்தனியாகத் தகவல் சரிபார்ப்புப் பிரிவு வைத்திருக்கின்றன. ஒரு திட்டம் இருக்கிறதா, ஓர் அரசாணை உண்மையா என்று அறிய அரசுப் பிரிவுகள் உதவும். ஆனால் அரசின் மேலேயே ஒரு குற்றச்சாட்டு என்றால், அரசின் மறுப்பு ஒரு தரப்பின் பதில் மட்டுமே. அங்கே வேறு கண்களும் வேண்டும்.

படி 4: படத்தையும் வீடியோவையும் விசாரிப்பது

2018இல் இந்தியா முழுக்கச் சுற்றிய குழந்தை கடத்தல் வீடியோ ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இரண்டு பேர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பார்த்தால் வயிறு கலங்கும். அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த ஆட்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஒரு பதாகையைப் பிடித்துக் காட்டுவார்கள். பரப்பியவர்கள் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அதில் எந்தக் காட்சியையும் அவர்கள் மாற்றவில்லை. முடிவை மட்டும் வெட்டினார்கள், அர்த்தமே புரண்டுவிட்டது.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்ட காட்சி. வேறு இரண்டைப் பற்றி அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார்: ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்களின் இரு தரப்புக்குள் நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. ஹோலிக்காக ஊருக்குப் போகிற கூட்டத்தை ரயில் நிலையத்தில் படம்பிடித்து, ‘உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்’ என்றார்கள். பீகார் அரசு ஓர் அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்ப வேண்டியிருந்தது. நம் ஊரைப் பற்றிய பொய் நமக்குத் தெரியாத மொழியில் எப்படி ஓடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. மற்ற ஊர்களைப் பற்றி நமக்கு வரும் வீடியோக்களையும் இதை மனதில் வைத்துப் பாருங்கள்.

செய்முறைக்கு வருவோம்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, முகமோ கட்டடமோ பெயர்ப்பலகையோ தெளிவாகத் தெரியும் மூன்று நான்கு இடங்களில் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுங்கள். கூகுள் லென்ஸில் அவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். அதே படம் முன்பு எங்கெங்கே வந்தது என்று காட்டும். நீங்கள் தேடுவது மிகப் பழைய தேதியை. ‘நேற்று நடந்தது’ என்று வந்த படம் 2019இல் ஒரு தளத்தில் இருந்தால் விசாரணை முடிந்தது. ஆனால் பழைய பிரதி எதுவும் கிடைக்கவில்லை என்பதை வைத்து ‘இது புதிது’ என்று முடிவுகட்டாதீர்கள். எல்லாப் படமும் தேடுபொறியின் கையில் இல்லை.

கண்ணும் காதும் சேர்ந்து வேலை செய்யட்டும். வண்டி எண் டிஎன் 72 என்றால் திருநெல்வேலி, டிஎன் 25 என்றால் திருவண்ணாமலை. ஆர்ஜே என்றால் ராஜஸ்தான், எம்எச் என்றால் மகாராஷ்டிரா. கடைப் பலகை எந்த எழுத்தில் இருக்கிறது, பேருந்தின் நிறம் என்ன, பின்னணியில் பேசுகிறவர்கள் எந்த மொழி, எந்த வட்டாரப் பேச்சு, எல்லாரும் முகக்கவசம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒலியை அணைத்து ஒருமுறை, திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல வீடியோக்களில் காட்சி ஓர் இடம், அழுகுரல் வேறோர் இடம்.

செயற்கை நுண்ணறிவால் செய்த வீடியோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விரலை எண்ணு, கண் சிமிட்டுகிறதா பார் என்ற யோசனைகளை நான் நம்புவதில்லை. அந்தக் குறைகள் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வருகின்றன. 2018இல் மறைந்த கருணாநிதி, 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் புத்தக வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். தொழில்நுட்பத்தால் செய்தது என்று எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது அது. உயிரோடு இருக்கும் ஒருவரை அதேபோல் ரகசியமாகச் செய்தால், நம் கண் மட்டும் போதாது. எங்கே பேசினார், எந்தக் கூட்டம், வேறு யார் படம்பிடித்தார்கள், முழு உரை எங்கே என்று கேளுங்கள். ஒரு தலைவர் மேடையில் பேசியதை ஒரே ஒரு கேமரா மட்டும் பிடித்திருக்காது.

படி 5: நியூஸ் கார்டு

தமிழில் இதற்கென்றே தனிப்படி வேண்டும். ஒரு தொலைக்காட்சியின் முத்திரை, தலைவரின் படம், நடுவில் நான்கு வரி. இதைப் போலியாகச் செய்யக் கைபேசியில் பத்து நிமிடம் போதும். தேர்தல் நெருங்கினால் தினமும் வரும்.

அந்தத் தொலைக்காட்சியின் அதிகாரப்பூர்வப் பக்கத்துக்குப் போய், கார்டில் உள்ள தேதிக்கு இறங்கிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் சந்தேகம் வலுக்கிறது. எழுத்துரு வேறாக இருக்கிறதா, ஒற்றுப்பிழை நிறைய இருக்கிறதா, தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இன்னொரு வழி எனக்குப் பிடித்தமானது: அந்தத் தலைவர் உண்மையிலேயே அப்படிச் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் எதிர்க்கட்சி பதில் சொல்லியிருக்குமே, அந்தப் பதில் எங்கே? எக்ஸ் தளத்தில் நீலக் குறியை 2022 இறுதியிலிருந்து கட்டணம் கட்டி வாங்க முடிகிறது. அதையும் அடையாள அட்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 6: வினைச்சொல்லைப் படியுங்கள்

நாளிதழில் ‘ஆம்’ இன்னும் உயிரோடு இருக்கிறது, வேறு உடையில். ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘போலீசார் தரப்பில் சொல்லப்படுகிறது’, ‘குற்றம்சாட்டினார்’. ‘கொலை செய்தார்’ என்பதற்கும் ‘கொலை செய்ததாகக் கைது செய்யப்பட்டார்’ என்பதற்கும் நடுவில் ஒரு முழு நீதிமன்ற விசாரணை இருக்கிறது. தலைப்பில் ‘செய்தார்’ என்று போட்டு, உள்ளே நான்காவது பத்தியில் ‘செய்ததாகக் கூறப்படுகிறது’ என்று எழுதும் வழக்கத்தை நான் தவறு என்றே சொல்வேன், ஏனென்றால் பெரும்பாலோர் தலைப்போடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் உள்ளே போய் வினைச்சொல்லைத் தேடுங்கள். ‘கூறப்படுகிறது’ என்றால், கூறியவர் யார் என்று பெயர் இருக்கிறதா பாருங்கள். பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் ‘விளம்பரம்’ என்று இருக்கிறதா என்பதையும்தான்.

கலைச்சொல்லுக்கும் இதே கவனம் வேண்டும். ‘ரெட் அலர்ட்’ என்றதும் ஊரே மூழ்கப்போகிறது என்று பேசுகிறோம். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்வது அதிகனமழை. அது எதிர்பார்க்கப்படும்போது சிவப்பு, அதாவது நிர்வாகம் உடனே களத்தில் இறங்க வேண்டும் என்ற குறி. ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும், மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில் வரும் ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ செய்திக்கும் வழி உண்டு. மாவட்ட விடுமுறையை அறிவிப்பவர் ஆட்சியர், எனவே அவருடைய அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இருக்க வேண்டும். போன வருட அறிவிப்பையே தேதியை வெட்டிவிட்டு அனுப்புவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில், வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று சென்னை முழுக்கப் பரவியது. ஒரு முதலையும் தப்பவில்லை என்று பண்ணை மறுத்த பிறகும், இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு அந்தப் பயம் போகவில்லை.

படி 7: இணைப்பைத் தொடுவதற்கு முன்

‘இலவச ரீசார்ஜ்’, ‘மாணவர்களுக்கு மடிக்கணினி, உடனே பதிவு செய்க’ என்று வரும் இணைப்புகளில், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) சற்று முன்னால் இருப்பதுதான் உண்மையான வீட்டு முகவரி. இந்திய அரசுத் தளம் என்றால் அந்த இடத்தில் ‘ஜிஓவி புள்ளி ஐஎன்’ (gov.in) அல்லது ‘என்ஐசி புள்ளி ஐஎன்’ (nic.in) இருக்கும். முகவரியின் தொடக்கத்தில் ‘டிஎன்ஜிஓவி’ என்று எழுதிவிட்டு முடிவில் வேறு எதுவோ இருந்தால் தொடாதீர்கள்.

சிபிஐ, சுங்கத்துறை என்று வீடியோவில் அழைத்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டினால் வைத்துவிடுங்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். மகன் குரலிலேயே ‘அம்மா, அவசரமா பணம் வேணும்’ என்று புது எண்ணிலிருந்து வந்தாலும், நீங்கள் வைத்திருக்கும் அவனுடைய பழைய எண்ணுக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பேசிய பிறகு அனுப்புங்கள்.

படி 8: உண்மையாக இருந்தது, இப்போது இல்லை

சில வருடங்களுக்கு முன்பு ‘ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரம்’ என்று வந்த செய்தியை நான் நான்கு குழுவுக்கு அனுப்பினேன். அன்று இரவு அதிலிருந்த எண்ணுக்கே கூப்பிட்டேன். எடுத்தவர், “ஐயா, எங்க அப்பா இறந்து ஏழு மாசம் ஆச்சு. இன்னும் தினமும் போன் வருது” என்றார். என்னால் பதில் பேச முடியவில்லை. பொய்யே இல்லாத ஒரு செய்தி, ஒரு குடும்பத்தின் துக்கத்தைத் தினமும் கிளறிக்கொண்டிருந்தது. நானும் அதில் ஒரு கை.

அதிலிருந்து, எண் உள்ள எந்தச் செய்தியையும் முதலில் கூப்பிட்டுக் கேட்காமல் நான் அனுப்புவதில்லை. நீங்களே எழுதுவதாக இருந்தால் தேதி, நேரம், மருத்துவமனை மூன்றையும் போடுங்கள். காரியம் முடிந்ததும் ‘கிடைத்துவிட்டது, நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்று அதே குழுக்களில் எழுதுங்கள். காணாமல்போன குழந்தையின் படமும் அப்படித்தான். குழந்தை வீடு சேர்ந்த பிறகும் படம் சுற்றும். இணையத்தில் ஏறிய முகம் அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் கூடவே வரும். குழந்தைகள் தொடர்பான அவசரத்துக்கு 1098 இருக்கிறது.

படி 9: திருப்பிச் சொல்வது

விசாரித்து முடிப்பதற்கு ஐந்து நிமிடம். அதைப் பெரியப்பாவிடம் சொல்வதுதான் கடினம். முப்பது பேர் உள்ள குடும்பக் குழுவில் “இது ஃபேக், இதெல்லாம் அனுப்பாதீங்க” என்று போட்டால் அவர் அந்தச் செய்தியை விட்டுவிட மாட்டார், உங்களோடு பேசுவதைத்தான் விட்டுவிடுவார்.

முதலில் தனியாகப் பேசுங்கள், முடிந்தால் குரலில். “பெரியப்பா, அந்தப் பிள்ளை பிடிக்கிற வீடியோ பாத்தேன், எனக்கும் பகீர்னு ஆயிடுச்சு. தேடிப் பாத்தா அது கராச்சியில எடுத்த விழிப்புணர்வுப் படமாம். கடைசியில குழந்தையை இறக்கிவிட்டுடுவாங்க. முழு வீடியோ அனுப்பியிருக்கேன், பாருங்க. குழுவுல நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுறீங்களா? நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க.”

இதில் அவருடைய பயத்தை முதலில் ஒப்புக்கொள்கிறோம். பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் உண்மையைச் சொல்கிறோம். ஆதாரத்தை அவர் கையிலேயே கொடுக்கிறோம். திருத்தும் கௌரவத்தையும் அவருக்கே விட்டுவிடுகிறோம். குழுவில் உடனடி ஆபத்து தரும் செய்தி, அதாவது யாரையாவது அடிக்கச் சொல்வதோ மருந்தை நிறுத்தச் சொல்வதோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் குழுவிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே மரியாதையைவிட நேரம் முக்கியம்.

தவறாக அனுப்பியது நீங்களே என்றால், வாட்ஸ்அப்பில் சுமார் இரண்டரை நாள்வரை எல்லாருக்கும் சேர்த்து அழிக்கலாம். அழித்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே படித்தவர்கள் இருப்பார்கள். “காலையில் நான் அனுப்பியது தவறு, உண்மை இது” என்று அதே குழுவில் எழுதுங்கள்.

சரி, இன்றைக்கே ஒரு பயிற்சி. உங்கள் குடும்பக் குழுவில் கடைசியாக வந்த பத்து ஃபார்வர்டுகளை எடுங்கள். ஒவ்வொன்றின் முதல் வாக்கியத்தையும் ஒரு தாளில் எழுதி, வினைமுற்றின் கடைசியில் ‘ஆம்’ சேர்த்துப் பாருங்கள். நுழைந்ததாம், சொன்னாராம், குணமாகிறதாம். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘யார் சொன்னது?’ என்ற பத்தியில் ஒரு பெயரை எழுத முயலுங்கள். பெயர் கிடைக்காத வரிகளிலிருந்து விசாரணையைத் தொடங்குங்கள்.